இரண்டாவது ஆள்

சுமைகாரர் கொடுக்க வேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். மூன்று சக்கர மிதிவண்டிக்கு ஒரு சமூகத் தொழில் நிறுவனம் கொடுத்த கடன். அங்கே அவர் கேட்கப் போனது என்னவோ கூலி வேலை.

"நாங்க வேலை கொடுக்கறதில்லைங்க. வேலை கொடுக்கறவங்களை உருவாக்கறோம்," என்று சொல்லி, அதிகாரியம்மா வண்டியைக் கையில் ஒப்படைத்துவிட்டார். கெடுவுக்குள் இரண்டு பேரை வேலைக்கு வைத்தால் பாக்கி தள்ளுபடி. வைக்காவிட்டால் வண்டி போய்விடும்.

நாற்பது வருடம் மூட்டை சுமந்த கழுத்து. இதையும் சுமந்தே தீருவது என்று முடிவு கட்டினார்.

முதலில் மச்சானைச் சேர்த்தார். அவன் சரக்கோடு சரக்காக ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"இறங்கித் தள்ளுடா."

"படிவத்துல எனக்கு மேற்பார்வைன்னு எழுதினது நீங்கதானே மாமா?"

"பார்க்க நல்லா இருந்துச்சேன்னு எழுதினேன்டா."

அவன் சம்பளத்துக்காகத் தினம் இரண்டு நடை கூடுதலாக மிதித்தார். முழங்கால் வீங்கியது.

அடுத்து மனைவியைச் சேர்த்தார். மறுநாள் அடுப்பு எரியவில்லை.

"சாப்பாடு?"

"இன்னிக்கு எனக்கு வார லீவு. முதலாளி வீட்டு வேலையெல்லாம் என்கிட்ட சொல்லக் கூடாது."

சமையலும் அவர் தலையில் விழுந்தது.

கெடு நாள் சாயங்காலம் அதிகாரியம்மா வந்தார். பதிவேட்டைப் பார்த்தார். மனைவி பெயரை ஒரே கோட்டில் அடித்தார்.

"மச்சான் தனிக்குடித்தனம், சேர்த்துக்கலாம். சம்சாரம் ஒரே வீட்டு ஆள், சேர்க்க முடியாதுங்க."

"நிறுத்தறதுன்னா ஒரு மாசச் சம்பளம் கொடுத்துட்டு நிறுத்தச் சொல்லுங்க," என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

சுமைகாரர் விடவில்லை. "நாலு தெரு சுத்திட்டேம்மா. எல்லாரையும் நீங்க முதலாளி ஆக்கிட்டீங்க. வேலைக்கு வர ஒரு ஆள் மிச்சமில்ல. எல்லாரும் முதலாளின்னா வேலை செய்யறது யாரு?"

"அதையேதாங்க நானும் ஆபீஸ்ல கேட்டேன்."

அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார். இரண்டாவது வரியில் ஒரு பெயரை எழுதினார். கையெழுத்துப் போட்டு, முத்திரையை அழுத்திக் குத்தினார்.

"பாக்கி மொத்தமும் தள்ளுபடி."

சுமைகாரர் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். கேள்விப்படாத பெயர்.

"யாரும்மா இது?"

"நான்தாங்க. ஆபீஸ்ல இன்னியோட என்னை நிறுத்திட்டாங்க. காலையில எத்தனை மணிக்கு வரணும், முதலாளி?"