மறதி நோய்க்கு நிதி கேட்டு மெத்தை விற்ற கதை

நன்கொடை கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு தனி மிடுக்கு வந்துவிடும். கை நீட்டப் போவதை மறைக்க அது தேவைப்படுகிறது. அன்று எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே வந்திருந்தது. (புதுச் சேலை வேறு.)

உலு திராமில் எங்கள் தாமான் குடியிருப்பு மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு சின்னக் கூட்டம் நடத்தி வந்தோம். மறதி நோய் வந்த பெரியவர்கள் பாட்டுக் கேட்பார்கள், கேரம் ஆடுவார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஆளுக்கொரு தே தாரேக் டீ குடித்து மூச்சு விடுவார்கள். ஆரம்பித்தது நானும் பக்கத்து வீட்டு ராணி அக்காவும். என் அப்பாவுக்கு அந்த நோய். அக்கா தன் மாமியாரை அதே நோயோடு கடைசிவரை பார்த்துக்கொண்டவர். கைக்காசு தீர்ந்து கூட்டம் நின்றுபோகும் நிலையில், ஜொகூர் பாருவில் ஓர் அறக்கட்டளை எங்களை நேரில் வந்து விளக்கச் சொன்னது. பயிற்சி பெற்ற தாதி வேண்டும், இது பேயுமல்ல பைத்தியமுமல்ல என்று ஊர் ஊராகப் போய்ப் பேச வேண்டும் என்றெல்லாம் கேட்கக் கிளம்பினோம். வீட்டில் ஆளில்லாததால் அப்பாவும் வந்தார். பண்டார் தெங்காராவில் செம்பனை லாரி ஓட்டியவர்; பயணம் என்றால் குஷி.

லிஃப்டிலிருந்து இறங்கியதும் அப்பா அறை வாசலில் நின்றுவிட்டார்.

"இது வேற இடம்மா. வா, போலாம்."

சொந்த வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டே தினமும் இதைத்தான் சொல்வார். "சரிப்பா, அப்புறம் போலாம். உக்காருங்க," என்றேன்.

உள்ளே ஏர்கான், தண்ணீர் பாட்டில்கள், கோட்டு போட்டவர்கள். நிதி தருகிறவர்கள் வேறு எப்படி இருப்பார்கள்? "வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்," என்றார் ஒருவர். (பேச்செல்லாம் மலாயில். தமிழில் சொல்கிறேன்.)

நான் தொடங்கினேன். "எங்க வீடுகள்ல யாரும் நிம்மதியா தூங்கி ரொம்ப நாளாச்சு."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பெரியவர்களைத் தூக்கித் தூக்கி எங்கள் முதுகு போனதை விவரித்தேன்.

"முதுகு ரொம்ப முக்கியம்," என்றார் ஓர் அம்மா.

கோட்டுக்காரர் ஒருவர் கேட்டார், "எத்தனை வருஷம் கேரண்டி?"

கேள்வி கொஞ்சம் உதைத்தது. ஆனாலும் குரல் தழுதழுக்க, "இதுல கேரண்டி ஏது சார்? உயிர் இருக்கிறவரைக்கும் தாங்கணும்," என்றேன்.

"லைஃப்டைமா!" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஸ்பிரிங்கா, ரப்பரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. தோளில் மெத்தையோடு ஓர் ஆள் நின்றார். அது, ஒரு ஹோட்டலுக்குச் சாமான் வாங்குகிறவர்களின் அறை.

"பாத்தியா, நான்தான் சொன்னேனே!" என்றார் அப்பா. போகிற போக்கில் மெத்தையை அமுக்கிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு லா," என்று சான்றிதழும் கொடுத்தார்.

அறக்கட்டளை மேல் மாடியில் இருந்தது. வியர்க்க விறுவிறுக்கப் போய் நின்றால், தலைவியான மலாய் அம்மையார் தாமதத்துக்குக் காரணம் கேட்டார். மனப்பாடம் செய்த பேச்சு முழுவதும் பறந்துவிட்டது. நடந்ததை அப்படியே ஒப்பித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தவர் கேட்டார், "உங்க அப்பா முதல்லயே சொல்லியிருக்காரே. நீங்க ஏன் கேக்கல?"

"அவருக்கு மறதி நோய், புவான். அவர் சொல்றத எப்படி..."

வாய் பாதியில் நின்றது. அப்பா ஜன்னல் வழியே கீழே போகும் லாரிகளை ரசித்துக்கொண்டிருந்தார்.

ராணி அக்கா தொண்டையைக் கனைத்தார். "இவளையும் சேத்து ஊருக்கே சொல்லிக்குடுக்கத்தான் பணம் கேக்க வந்தோம், புவான்."

கேட்ட அளவு கிடைக்கவில்லை. ஆனால் கிடைத்தது. தாதி நடத்திய முதல் வகுப்பில் முன்வரிசையில் என்னைத்தான் உட்கார வைத்தார்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகள் அலுவலகத்தில் எதையாவது சொதப்பினால், "இன்னிக்கு மெத்தை வித்துட்டேம்மா," என்று இப்போதும் போன் செய்வாள்.

அப்பா இன்று இல்லை. கடைசி மாதங்களில் என் பெயர்கூட அவருக்கு வரவில்லை. ஆனால் அப்போதும் ராணி அக்கா மண்டபத்தில் இந்தக் கதையை எடுத்தால், முதலில் சிரிப்பவர் அப்பாதான். சிரித்து ஓய்ந்ததும் என் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்பார்.

"அட அலமாக், யாரும்மா அந்தப் பொண்ணு? அப்பன் சொன்னத ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்ப்பா," என்பேன்.