தர்கா மைக்கில் என் பட்டம்

வரிசையாகவே சொல்லிவிடுகிறேன், தோழர்களே. மத நல்லிணக்கக் குழுவின் முதல் கூட்டத்துக்கு என்னை அழைக்கவில்லை. இரண்டாவது கூட்ட நோட்டீசில் ‘மற்றும் பலர்’ என்பதற்குள் அடைத்தார்கள். மூன்றாவதில் பெயர் வந்தது. ‘போர்முரசு’ என்ற என் பட்டத்தைக் காணோம்.

நான்காவதற்குக் குழுச் செயலாளர், தேங்காய் மண்டி காஜா பாய், நேரிலேயே கேட்டார்: “இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், மூணு பேருக்கும் நாற்காலி இருக்குதுங்க. நீங்க யாரு சார்புலீங்க உக்காருவீங்க?”

ஐந்தாவது கூட்டம் உக்கடம் பக்கம் ஒரு தர்கா முற்றத்தில், வியாழக்கிழமை சாயங்காலம். ‘கடவுள்களின் கூட்டணிக்குக் கண்டனம்!’ ஐந்நூறு துண்டறிக்கை அடித்துக்கொண்டு சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன். போன மாதம் மில் வாசலில் முழங்கிவிட்டு, தொண்டை கட்டிப் பத்து நாள் பேச்சே இல்லாமல் கிடந்தவன். இப்போது குரல் கணீரென்று இருந்தது. விடுவேனா!

வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கொள்கைப்படி மறுத்தேன்.

“சரீங்க, வெளியவே நில்லுங்க.”

வெளியே நின்று முழங்கினால் யார் கேட்பது? துண்டறிக்கைக் கட்டைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். நிமிர்ந்தால் கட்டைக் காணோம்!

உள்ளே, பொட்டு வைத்தவர்களும் முக்காடு போட்டவர்களுமாகப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து நேர்த்திக்கடன் சர்க்கரையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனையும் என் கண்டனத்தில்!

“காஜா பாய்! என்னங்க அநியாயம் இது?”

“காயிதம் பத்தாம கெடந்துச்சுங்க. நேரம் பாத்துக் கொண்டாந்துபோட்டீங்க. ரொம்பச் சந்தோசமுங்க.”

“நான் கடவுளே இல்லைங்கறவன்!”

“அது உங்களுக்கும் அவனுக்கும் நடக்கற வழக்குங்க. நாங்க நடுவுல வரலீங்க.”

இருபது வருடம் ரோட்டில் மிதிபட்ட என் எழுத்து, முதன்முறையாக ஐந்நூறு வீட்டுக்குப் போகத் தயாராக இருந்தது. இனிப்போடு.

முழங்க வாயைத் திறந்தேன். ஒரு கை வேட்டியைப் பிடித்து இழுத்தது. என் மனைவி சரசு!

“சித்த உக்காருங்க. இன்னிக்குச் சர்க்கரை நம்முளுதுங்க. உங்க கொரலு திரும்போணும்னு வேண்டியிருந்தனுங்க.”

“என்னைக் கேட்டியா?”

“கேட்டா பதில் சொல்ற நெலமைலயா இருந்தீங்க?”

காஜா பாய் நாலாவது நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். முற்றமே பிரார்த்தனைக்குக் கையேந்தி நின்றது. குழுவில் இருந்த பாதிரியாரும் கண்ணை மூடிக்கொண்டார். ஓதுகிற அசரத்து கண்ணாடியை மாட்டி, சரசு எழுதிக் கொடுத்த சீட்டை மைக்கில் பிழையில்லாமல், பட்டத்தோடு வாசித்தார்:

“நேர்த்திக்கடன் செலுத்துபவர், சிங்காநல்லூர் போர்முரசு நாச்சிமுத்து அவர்கள்!”