எண்ணாமல் விட்ட மூன்று

அன்று ஊர்க்கூடத்தில் முதியவர்களுக்குக் கால் வலுப் பரிசோதனை. இருந்தவர்கள் எட்டுப் பேர். நர்ஸ் ஹொனாமி, பக்கத்து வீட்டு தோகுஜி, அவர் மனைவி, மீன்கடைச் சகோதரிகள் இருவர், தபால் நிலையத்தில் ஓய்வு பெற்ற ஒருவர், என் மனைவி ஃபுசாயே, நான். வாசலில் எட்டு ஜோடிச் செருப்புகள். சரியாக இருந்தது.

எழுபத்து நான்கு வயதில் ஒரு சபதத்தோடு போயிருந்தேன்: இன்று எப்படியாவது தோற்பது. தினமும் காலையில் என் மெத்தையை மாடிக்குத் தூக்கிப் போய் வெயிலில் போட வேண்டும், மாலையில் இறக்க வேண்டும். கால் பலவீனம் என்று நர்ஸ் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த வேலை ஃபுசாயேவுக்குப் போய்விடும்.

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, முப்பது நொடிக்குள் முடிந்தவரை பல முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். பன்னிரண்டுக்குக் குறைந்தால் கால் பலவீனம், மஞ்சள் அட்டை. எண்ணுவது துணைவரின் வேலை.

மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். பக்கத்து நாற்காலியில் தோகுஜி தவளைபோல் எழும்பினார். என் கால்களுக்கு மானம் அதிகம். பதினான்கு முறை எழுந்துவிட்டேன்.

"பதினொண்ணு," என்றாள் ஃபுசாயே.

முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் முட்டை எண்ணியவள். ஒன்றுகூடத் தப்பியதில்லை. வயதாகிவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

"தொடைத் தசை கொஞ்சம் கரைஞ்சிருக்கு ஐயா," என்றார் நர்ஸ்.

"அப்போ ஓய்வுதானே?"

"ஓய்வெடுத்தா இன்னும் கரையும். வேலை குடுத்தா இந்த வயசுலயும் வளரும். படி ஏறணும், சுமை தூக்கணும்."

ஃபுசாயே தலையை நீட்டினாள். "மெத்தை தூக்கினா ஆகுமாம்மா?"

"ரொம்ப நல்லது."

"ரெண்டு மெத்தை?"

"இன்னும் நல்லது."

"மழைக்காலம் வருதே?"

"அரிசி மூட்டை இருக்குல்ல? அதைத் தூக்கட்டும்."

மஞ்சள் அட்டையில் தொண்ணூறு கட்டங்கள். நாளுக்கு ஒரு முத்திரை. முத்திரை ஃபுசாயேவிடம்.

ஒன்பதாம் நாள் மாடிப்படியில் இரண்டாவது மெத்தையோடு நின்று உண்மையைச் சொன்னேன்.

"அன்னிக்கு நான் எழுந்தது பதினாலு தடவை."

"தெரியுமே. நான்தானே எண்ணினேன்."

"பின்ன ஏன் பதினொண்ணுன்னு சொன்ன?"

"நீங்க ஏன் இல்லைன்னு சொல்லலை?"

மெத்தைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"நர்ஸ்கிட்ட சொல்லி அட்டையைத் திருப்பிக் குடுத்துடலாமே," என்றேன்.

"தாராளமா. நீங்களே போய்ச் சொல்லுங்க. எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க."

பேருந்தில் என் நிறுத்தத்தில் இறங்க மணியடிக்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஆள் இறங்கும் நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவன் நான். அவளுக்கு அது தெரியும்.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். இப்போதெல்லாம் முனகாமல் எழுந்துவிடுகிறேன். தொடையைத் தட்டினால் கெட்டியாக இருக்கிறது. சோறு இரண்டாம் கிண்ணம் இறங்குகிறது. நேற்று தோகுஜி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

இன்றோடு பத்தொன்பது முத்திரை. மீதி எழுபத்தொன்று.