பெரியப்பா வரைந்த தேவாலயத்துக்கு மாலை

கம்போங் மேடான்,
திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

உங்கள் தம்பி ஜெயராஜின் மகள் சாண்ட்ரா பணிவோடு எழுதுவது. கிள்ளானில் நீங்களாவது சுகமாக இருக்க மன்றாடுகிறேன். இங்கே சுகமில்லை. எங்கள் எண்ணை உங்கள் போனில் தடுத்து வைத்திருப்பதால், கிள்ளானுக்கு லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா இறந்துவிட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தவறு என்னுடையது. அம்மா அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பக்கத்து வீட்டு லெட்சுமி ஆன்டி ஒரு மல்லிகைச் சரம் கொடுத்தார். ஆஸ்பத்திரியைத் தவிர வெளியே எங்கும் போகாத எனக்கு எதற்குப் பூ என்று, நீங்கள் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த பிரிக்பீல்ட்ஸ் தேவாலயப் படத்துக்குப் போட்டுவிட்டேன். பள்ளியை விட்டதிலிருந்து பகலில் எனக்குத் துணை அந்தப் படம்தான். மழை விட்ட தெரு, ஈரத்தில் தலைகீழாக நிற்கும் கோபுரம், கம்பியில் ஒரே ஒரு காக்கை. அழகாக இருக்கிறதே என்றுதான் போட்டேன். அந்தத் தெருவில் கட்டைவிரல் அளவுக்கு அப்பாவும் நிற்பதை மறந்துவிட்டேன். கிரில் கதவு வழியாகப் பார்த்த ஆன்டி, "ஐயோ, ஜெயராஜ் அண்ணே போயிட்டாரா?" என்று கத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அது போதாதா? சாயங்காலத்துக்குள் ஃபிளாட்டுக்குக் கீழே கூடாரம், ஐம்பது நாற்காலி, வந்தவர்களுக்குக் கலக்க வீட்டில் நாலு டின் மைலோ. ஆஸ்பத்திரியை ஒரு நாள் எட்டிப் பார்க்காதவர்கள்கூட வந்து, "நல்ல மனுசன் லா" என்றார்கள். ஒருவர், "பாடி எப்ப வருது பாப்பா?" என்றார். "இப்பதான் கஞ்சி குடிச்சாரு அங்கிள்" என்றேன். "பாவம், புள்ளைக்குப் புத்தி கலங்கிருச்சு" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார்.

உண்மை இதுதான். சர்க்கரை வியாதி. வியாழக்கிழமை அப்பாவின் இடது காலை எடுக்கப்போகிறார்கள். இதயம் தாங்குமா என்று கேட்டால் டாக்டர் ஜெபம் பண்ணச் சொல்கிறார். "எல்லாரையும் கோயிலுக்குள்ள அனுப்பிட்டு என்னை மட்டும் வெளிய நிக்க வெச்சிட்டான்" என்று அப்பா இந்தப் படத்துக்காகச் சண்டை போட்டதில்தானே ஆறு வருடமாக நீங்கள் இருவரும் பேசுவதில்லை? நான் நன்றாகப் பார்த்துவிட்டேன் பெரியப்பா. உள்ளே போகிறவர்கள் எல்லாருக்கும் முதுகுதான். அப்பா ஒருவருக்குத்தான் முகம் வரைந்திருக்கிறீர்கள். அவர் உங்களைப் பார்த்துக்கொண்டு, இரண்டு காலில் நிற்கிறார்.

புதன்கிழமைக்குள் வந்துவிடுங்கள். உயிரோடுதானே இருக்கிறான் என்று இருந்துவிடாதீர்கள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் கைக்கு அன்னை மரியாள் துணையிருக்கட்டும்.

கீழ்ப்படிதலுள்ள மகள்,
சாண்ட்ரா

பி.கு.: இதை வார்டில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முகத்தைப் பற்றிய இடம் வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "இத அனுப்பாத. செத்துட்டேன்னாத்தான் உன் பெரியப்பன் வருவான்" என்றார். ஆகவே, மேலே உள்ளதை நீங்கள் படிக்கவில்லை. அப்பா இறந்துவிட்டார். பார்வையாளர் நேரம் மாலை நாலரையிலிருந்து ஏழு மணி வரை.