சதுப்புக்கு மதிப்பு உண்டு என்று நான் சொன்னதால் வந்த வினை

ஆகஸ்ட் 3

அன்புள்ள பேத்தி சில்யேவுக்குப் பாட்டி போர்ஹில்ட் எழுதுவது. இங்கே நான், ஏழு ஆடுகள், இடது முழங்கால் வலி எல்லோரும் சௌக்கியம். நீயும் உன் பல்கலைக்கழகமும் நன்றாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். யாரிடம் என்று கேட்காதே, உனக்குத்தான் சாமி என்று ஒருவர் இல்லையே. நான் ஏழு வருஷம் பள்ளிக்கூடம் போனவள், எழுத்து முன்னே பின்னே இருக்கும். ஆனால் இங்கே நடந்ததில் பாதிக் குற்றம் உன்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஈஸ்டருக்கு வந்தபோது சுவரோரம் வெயிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே என்ன சொன்னாய்? "ஒரு காடு, ஒரு சதுப்பு, இதெல்லாம் நமக்குப் பிரயோஜனப்பட்டாலும் படாட்டியும் அதுக்குன்னு ஒரு மதிப்பு இருக்கு பாட்டி. அதை ஒத்துக்க சாமி கூட வேண்டாம்" என்றாய். உன் தாத்தாவைப் பற்றி நானும் நாற்பது வருஷம் அப்படித்தான் நினைத்து சமாளித்தேன் என்று சொல்லிச் சிரித்தேன். நினைவிருக்கும், தோலை என் பூந்தொட்டியில் போட்டாயே, அந்த நாள்.

மே மாதம் ஊர்ச்சங்கக் கூட்டத்தில் தலைவன் ஹால்கெய்ர் எழுந்து, இந்த வருஷ ஊர் வேலை நாளில் எல்லோரும் மண்வெட்டியோடு வந்து மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் சதுப்பை வடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்க வேண்டும் என்றான். ஊர் வேலை நாள் எப்படி என்று உனக்குத் தெரியும். கூலி கிடையாது, வாஃபிள் அப்பமும் காப்பியும்தான், ஆனால் வராதவனை ஊர் சாகும்வரை மறக்காது. வந்தவனையும் நான் மறக்க மாட்டேன்: 1974-ல் பக்கத்துப் பண்ணை ஓட்வார் சருகு வாரும் கோலைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றான், ஆறு வாஃபிள் தின்றான். ஆறு. ஹால்கெய்ர் சொன்னதைக் கேட்டதும் பின்னல் ஊசியை மடியில் வைத்துவிட்டேன். ஏனென்றால் அந்தச் சதுப்பின் கோடியில், மூன்று கோணல் பைன் மரங்களைத் தாண்டித்தான் என் மூல்தே பழம் இருக்கிறது, நீ சின்னதில் ஜாம் கிண்ணத்தை நக்குவாயே, அந்த மஞ்சள் பழம். ஐம்பத்தோரு வருஷமாக யாரிடமும் இடம் சொன்னதில்லை. உன் அம்மாவிடம் இல்லை. உன் தாத்தா ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கையைப் பிடித்து, "இப்பவாவது சொல்லேன்" என்றார். "மூச்சை வீணாக்காதீங்க" என்றேன். இந்த ஊரில் யார்தான் தன் பழ இடத்தைச் சொன்னார்கள்?

அங்கே பழம் இருக்கிறது, தோண்டாதே என்று சொன்னால் மறுநாள் நாற்பது வாளி வந்து நிற்கும். சொல்லாவிட்டால் என் பழத்தின் மேல் கார் நிற்கும். என்ன செய்வேன்? எழுந்து நின்று உன் பேச்சை எடுத்துவிட்டேன்.

"இதென்ன புதுசா இருக்கு? உனக்கு அந்தச் சேத்துல என்ன வேலை?" என்றான் ஓட்வார்.

"ஒரு வேலையும் இல்ல. அதனாலதான் பேசறேன். உனக்கோ எனக்கோ பிரயோஜனம் இல்லாட்டியும் அதுக்குன்னு ஒரு மதிப்பு இருக்கு."

"சாமி விஷயமா பாட்டி?" என்றான் ஹால்கெய்ர்.

"சாமியை இழுக்காதேப்பா. கார் நிறுத்த இடம் கேட்டதே பாதிரியார்தான். இது சாமி இல்லாமலே நிக்கிற நியாயம்."

பாட்டி சொன்னதை ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்று ஹால்கெய்ர் கேட்டதும் முதல் கை ஓட்வாருடையது! அப்போதே எனக்குச் சந்தேகம். பிறகு ஒவ்வொன்றாக, என்னையும் சேர்த்து, இருபத்துமூன்று கை. ஹால்கெய்ருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவன் நல்ல பிள்ளை, அதுதான் அவனிடம் இருக்கும் தொல்லை. "அப்போ ஒழுங்கா செய்வோம். நம்ம பிரயோஜனத்துக்கு இல்லைன்னா அங்கிருந்து யாரும் எதையும் எடுக்கவும் கூடாது. பாசி, புல், பழம், எதுவும்" என்றான். பழம் என்றதும் மண்டபத்தில் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். இருபத்துமூன்று பேரும் தரையைப் பார்த்தோம். எனக்கு அப்போதுதான் விளங்கியது, சில்யே. அத்தனை பேருக்கும் அங்கே ஒரு மூலை இருக்கிறது! வேண்டாம் என்று யார் வாயைத் திறப்பார்கள்? திறந்தால் குட்டு உடையும். ஏகமனதாக நிறைவேறியது. ஊர் வேலை நாளில் குழி தோண்டுவதற்குப் பதில் பலகை நட்டோம்: 'இந்தச் சதுப்பு தனக்காகவே இருக்கிறது.' பலகைக்கு வெள்ளையடித்தது நான்.

இப்போது பழம் பழுத்துவிட்டது. நேற்றுக் காலை சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன், வாளியை மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு. மூன்றாவது பைன் மரத்தடியில் ஓட்வார், கவிழ்த்த வாளியின் மேல்.

"சும்மா பார்க்க வந்தேன்" என்றான்.

"வாளி எதுக்கு?"

"உக்கார. உன் கோட்டுக்குள்ள என்ன?"

"இடுப்பு வலிக்கு."

அவன் போகட்டும் என்று நான், நான் போகட்டும் என்று அவன். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இரண்டு நாரைகள் குஞ்சோடு வந்து ஒவ்வொரு பழமாகக் கொத்தித் தின்றன, பலகையைப் படிக்காமல். ஐம்பத்தோரு வருஷமாக அந்த இடத்தைக் குனிந்துதான் பார்த்திருக்கிறேன். நேற்றுத்தான் நிமிர்ந்து பார்த்தேன். மலையடி வரைக்கும் வெள்ளைப் பஞ்சுப்புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. "இவ்வளவு பெருசா இது?" என்றான் ஓட்வார். 1974-ஐ நினைத்து நான் முகத்தை நாரைப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

இதற்கு நீதான் வழி சொல்ல வேண்டும். பாவம் செய்தால் மன்னிக்கக் கோயிலில் ஆளாவது உண்டு. நீ சாமியை விட்டாய், பாவத்தை மட்டும் விடாமல் வைத்திருக்கிறாய்; மன்னிப்புக் கேட்க எந்த வாசலுக்குப் போவது? அதனால் பல்கலைக்கழகத் தாளில் ஹால்கெய்ருக்கு ஒன்று எழுது. ஐம்பத்தோரு வருஷமாகப் போய்வரும் கிழவியும் நாரை மாதிரி அந்தச் சதுப்பைச் சேர்ந்தவள்தான், வாளி அவளுடைய அலகு என்று எழுது. ஓட்வாரைச் சேர்க்காதே. சீக்கிரம் எழுது, ஒரு மழை அடித்தால் பழம் கூழாகிவிடும்.

கம்பளி உள்சட்டை போட்டுக்கொள். உன் அறிவும் பல்லும் நூறு வருஷம் கெட்டியாக இருக்கட்டும்.

உன் பாட்டி,
போர்ஹில்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் ஓட்வார் பின்வாசலில் வந்து நின்றான். "மரத்துக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், நடுவுல நாரைக்கு" என்றான். போய்விட்டு வந்தோம். நடுவில் கை வைக்கவில்லை, அவனையும் வைக்க விடவில்லை. இதோடு இரண்டு ஜாடி வருகிறது. யாராவது கேட்டால் ஆரஞ்சு ஜாம் என்று சொல். ஹால்கெய்ருக்கு ஒன்றும் எழுதாதே. தடையை எடுத்துவிட்டால் மற்ற இருபத்தொரு பேரும் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், அப்புறம் அந்தக் குஞ்சு என்ன தின்னும்? சதுப்புக்குத் தனக்கென்று ஒரு மதிப்பு இருக்கிறது. யார் கேட்டாலும் கறாராகச் சொல்லிவிடு.