உன் அக்காளுக்காக நீ அனுப்பிய நாலு டயர்

தென்காசி,
மாசி 20, 1975.

ஜபல்பூர் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் ஹவில்தார் மெக்கானிக்காக இருக்கும் சிரஞ்சீவி மாப்பிள்ளை ஆவுடையப்பனுக்கு, தாலுகா ஆபீஸ் ரிக்கார்டு அறையில் முப்பத்து நாலு வருஷம் தூசி தின்று ஓய்வு பெற்ற உன் அத்தான் சங்கரபாண்டி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம் என்று முதலில் எழுத வேண்டும். எழுதிவிட்டேன். இனி உள்ளதை எழுதுகிறேன்.

நீ ஏலத்தில் எடுத்துக் கூட்ஸ் ரயிலில் ஏற்றி அனுப்பிய ஜீப்பை எப்படி அனுப்பினாயோ அப்படியே வந்து எடுத்துக்கொண்டு போய்விடு. கோபத்தில் எழுதவில்லை. கோபப்படக்கூடத் தெம்பு வேண்டும் மாப்பிள்ளை, அது என்னிடம் இப்போது இல்லை.

அது எதற்காக வந்தது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். எங்கள் வீட்டுக் குலதெய்வமான சாஸ்தா நல்லவர். கீழப்பாவூர் போகிற வழியில் பஸ் நிற்கிற இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், கண்டக்டர் விசில் ஊதி இறக்கிவிட்டுவிடுவான். உங்கள் வீட்டுச் சாஸ்தாவுக்கு அந்தக் கரிசனம் கிடையாது. ஐந்தருவிக்கு மேற்கே வழுக்குப்பாறை ஏற்றத்தின் உச்சியில், ஆடே ரெண்டு தடவை யோசித்து ஏறுகிற இடத்தில் போய்க் குடியிருக்கிறார். உன் அக்காள் சந்தனமாரி அவருக்கு ஏதோ நேர்ந்திருக்கிறாள், பங்குனி உத்திரத்தன்று சந்நிதியில் காணிக்கையைச் செலுத்த வேண்டும். எதற்கு நேர்ந்தாய் என்று கேட்டால் "நேந்தவளுக்கும் சாமிக்கும் தெரிஞ்சா போதும், உங்களுக்கு என்னத்துக்கு" என்கிறாள். அந்தச் சமயம் பார்த்து ஐந்தருவியில் குளிக்கப் போய்ப் பாசியில் வழுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டாள். நடக்கலாம், ஏறக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மூன்று உத்திரம் தப்பிப் போயிற்று. நேர்ந்ததை முடிக்காமல் கண்ணை மூடிவிடுவோமோ என்ற பயம் அவளுக்கு வந்துவிட்டது. ராத்திரி எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் உனக்கு எழுதினேன், நீயும் ஜீப்பை அனுப்பினாய். உன்மேல் குற்றமில்லை. அதுவரைக்கும் குற்றமில்லை.

வண்டி வந்த அன்று சந்தனம், குங்குமம், நாலு எலுமிச்சம்பழம் எல்லாம் முறையாக நடந்தது. பஸ் ஓட்டி ஓய்ந்த ஆதித்தனை டிரைவராக வைத்தேன். உன் அக்காள் காணிக்கைக் காசை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துவந்தாள். பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கம்பிகள் வேலைவெட்டி இல்லாமல் கடகடவென்று ஆடிக்கொண்டு நிற்கின்றன அல்லவா, அவை இரண்டையும் சேர்த்து அந்தத் துணியால் இறுக்கிக் கட்டினாள். "சந்நிதியிலதான் அவுக்கணும். அதுவரைக்கும் ஒருத்தரும் கை வைக்கப்படாது" என்று ஆதித்தனையும் என்னையும் பார்த்துச் சொன்னாள். கடகட சத்தமும் நின்றது. அந்த வண்டியில் இன்றுவரை ஒழுங்காக வேலை செய்வது அந்த முடிச்சு ஒன்றுதான்.

முதல் தடவை ஏற்றத்தின் அடிவாரத்திலேயே ஒரு கல் வண்டியின் வயிற்றில் இடித்தது. அதை உனக்கு எழுதியது நான் செய்த பிழை. நீ உடனே பன்னிரண்டு வரி எழுதி, "பெரிய சக்கரம் போட்டால் வண்டி உயரும், கல் இடிக்காது" என்று சொல்லி, ஏதோ பீரங்கி இழுக்கிற வண்டியில் இருந்து கழற்றினது போல நாலு டயரை அனுப்பிவைத்தாய். உண்மைதான், கல் இடிக்கவில்லை. ஆனால் வண்டி உயர்ந்ததில் முழங்கால் போன உன் அக்காளால் அதில் ஏற முடியவில்லை. இப்போது எங்கே போனாலும் ஒரு முக்காலியும் கூட வருகிறது. போன வெள்ளிக்கிழமை முக்காலியைச் செங்கோட்டையில் மறந்துவிட்டு வந்துவிட்டோம், ஆதித்தன் சைக்கிளில் போய் எடுத்து வருகிற வரை அவள் எங்கள் தெரு நடுவில் ஜீப்பிலேயே உற்சவ மூர்த்தி மாதிரி உட்கார்ந்திருந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் விசாரித்தார்கள். ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசிக் கிறீச்சென்று அழுகிறது, ஆகையால் திரும்ப வேண்டுமென்றால் ரதவீதி அகலம் வேண்டும். வேகம் காட்டுகிற முள்ளும் பொய் சொல்லுகிறது. இருபது என்று காட்டும்போது தெருநாய்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் இருபத்தைந்துக்குக் குறையாது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. உத்திரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிடலாம் என்று உன் அக்காளையும் முக்காலியையும் ஏற்றிக்கொண்டு போனோம். ஏற்றத்தில் கால்வாசி தூரம் போனதும் வண்டி தொண்டை அடைத்தாற்போல் இருமி நின்றது. மறுபடி கிளப்பினான், மறுபடி நின்றது. கிளட்சு கருகுகிற நாற்றம் வேறு. ஆதித்தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, பழைய டயருல முதல் கியர் போட்டா இழுக்கும். இப்ப முதல் கியர் போட்டாலும் ரெண்டாவதுல நிக்க மாதிரில்லா இருக்கு. சக்கரம் பெருசு, ஒரு சுத்துக்கு ரொம்ப தூரம் போகச் சொல்லுது, இஞ்சினுக்கு மூச்சு முட்டுது" என்றான். அவன் விளக்கிக்கொண்டிருக்கும்போதே வண்டி பின்னால் நழுவ ஆரம்பித்தது. நான் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். என் வயசு ஐம்பத்தொன்பது.

அப்போது எங்களைத் தாண்டி ஒரு மாட்டுவண்டி ஏறிப் போயிற்று மாப்பிள்ளை. சத்தமில்லாமல் போயிற்று. டயர் வண்டி. என்ன டயர் என்று குனிந்து பார்த்தேன். நம் ஜீப்பில் இருந்து கழற்றி நான் சும்மா தூக்கிக் கொடுத்த பழைய டயர்! வண்டிக்காரர் சுந்தரபாண்டி மேலே போய் விறகை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து, "என்ன அண்ணாச்சி, இன்னும் இங்கனயேவா நிக்கிய?" என்று கேட்டார். அதைக் கேலியாகக் கேட்டிருந்தால்கூடச் சகித்திருப்பேன், அவர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். பிறகு வடத்தைக் கட்டி, அவருடைய மாடுகள் பிடித்து நிறுத்த, ஜீப்பை அங்குலம் அங்குலமாகக் கீழே இறக்கினோம். உன் அக்காள் மலை உச்சியைப் பார்த்தபடியே இறங்கி வந்தாள். வீட்டுக்கு வந்து முக்காலியில் கால் வைத்து இறங்கும்போது, "எனக்குக் குடுத்து வைக்கல, விடுங்க" என்றாள். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

ஆகவே வண்டியும் வேண்டாம், டயரும் வேண்டாம். கருகின கிளட்சைச் சரிபண்ண மெக்கானிக் துல்கர்னைனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். சரியானதும் வந்து எடுத்துப் போ. வண்டி இருந்த இடத்தில் ஒரு எருமை கட்டலாம் என்று யோசனை. எருமை பால் கொடுக்கும், ஏற்றமும் ஏறும்.

நீ நோய்நொடி இல்லாமல், மேலதிகாரி மனசு கோணாமல், நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். ஜபல்பூர்க் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு தூங்கு என்று அக்காள் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
சங்கரபாண்டி.

பின்குறிப்பு: மேலே உள்ளதைத் தபாலில் போடவில்லை. மூன்று நாளாகச் சட்டைப்பையிலேயே கிடக்கிறது. இன்று காலை துல்கர்னைன் வந்தார். கிளட்சைப் பார்க்கவில்லை, மஞ்சள் முடிச்சைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "அண்ணாச்சி, இந்தக் குட்டிக் கம்பியக் கட்டிப் போட்டுட்டா மலையேறப் பாத்திய? ஒண்ணு முன் சக்கரத்தையும் இழுக்க வைக்கும். இன்னொண்ணு வேகத்தப் பாதிக்கும் கீழ இறக்கிட்டு இழுவையக் கூட்டும். அவ்வளவு பெரிய டயரப் போட்டுக்கிட்டு இது இல்லாம எப்படி ஏறும்?" என்றார். பன்னிரண்டு வரி எழுதினாயே, பதின்மூன்றாவது வரியாக இதை எழுதியிருக்கக் கூடாதா?

ஆக, சந்நிதிக்குப் போனால்தான் முடிச்சை அவிழ்க்கலாம், முடிச்சை அவிழ்த்தால்தான் சந்நிதிக்குப் போகலாம். தாலுகா ஆபீஸில் இதே மாதிரி ஃபைல்கள் நிறையப் பார்த்திருக்கிறேன், ஒன்றுகூட முடிந்ததில்லை. ஆதித்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். துல்கர்னைன், "நேர்ச்சைக்குக் கட்டினது, நான் தொட மாட்டேன்" என்று ஒதுங்கிக்கொண்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "அப்படி எதுக்குத்தான் நேந்த, இப்பவாச்சும் சொல்லித் தொலை!" என்று உன் அக்காளைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

"தம்பி சண்டைக்குப் போயிருந்தாம்லா. இருபது நாளா கடுதாசி இல்ல. அவன் உசிரோட வந்தா உன் வாசல்ல வந்து காணிக்கை போடுதேன்னு சொன்னேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். எழுபத்தொன்றில் அந்த இருபது நாளும் அவள் ஒருவேளைதான் சாப்பிட்டாள் ஆவுடையப்பா. பல்வலி என்று சொன்னாள். நானும் நம்பிக் கிராம்பு வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு காசு முடிந்த முடிச்சு அவிழாமல், அவளே துணியை மட்டும் கம்பியில் இருந்து பிரித்து எடுத்து, தரையில் வைக்கக் கூடாதென்று என் வலது மணிக்கட்டில் கட்டிவிட்டாள். துல்கர்னைன் இருக்கிற கிளட்சிலேயே ஏதோ முடுக்கி, குட்டிக் கம்பிகளைப் போட்டு ஓட்டிக் காட்டினார். வண்டி ஏற்றம் ஏறிவிட்டது. எங்களுக்குப் பின்னால் நடந்து வந்த விறகுக்காரி எங்களை முந்திப் போனாள், ஆனால் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கோயில் தெரிகிற வளைவு வரைக்கும் போய், உத்திரத்துக்கு வாறோம் என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம். உன் அக்காள் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். கேட்க முடியவில்லை, டயர் சத்தம்.

இப்போது புதுச் சட்டம் போட்டிருக்கிறாள். முடிச்சை உன் கையால்தான் சந்நிதியில் அவிழ்க்க வேண்டுமாம். அதுவரை குளிக்கவும் சாப்பிடவும் இதோடுதான். இந்தப் பின்குறிப்பையும் இதோடுதான் எழுதுகிறேன், மஞ்சள் கறை அதனால்தான். ஆகையால் மேலே எழுதியதில் ஆசீர்வாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடு. வண்டியை எடுக்க வர வேண்டாம். உத்திரத்துக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது, லீவு சொல்லிவிட்டுத் தந்தி கொடு. நீ மட்டும் வா. டயர் எதுவும் கொண்டுவராதே.