நோய்வெல் திராட்சை வீழ்ந்த காதை

கும்மிடிப்பூண்டிப் பெருநிலத்தீர், புகைபோக்கி நிழலில் வாழ்வீர், செவி தாரீர்! சாம்பல்நோயின் செருக்கறுத்தவள், பூஞ்சணப் படையைப் புறங்கண்டவள், பெயருக்குப் பதில் ஓர் எண்ணைச் சூடிய பெருமாட்டி, நாற்பத்தெட்டாம் எண் ஒயின் திராட்சை வாழ்க, வாழ்க!

தந்தையோ ஐரோப்பிய அரண்மனைக் கோப்பைகளை நிறைத்த, ஈரக்காற்று பட்டாலே படுத்துவிடும் உயர்குலத் திராட்சை. தாயோ அமெரிக்கக் காட்டில் கேட்பாரற்று மரமேறித் திரிந்த முரட்டுக் கொடி. இரு வீட்டார் சம்மதமுமின்றி ஆய்வுக்கூடத்தில் நடந்த அக்கலப்பு மணத்தில், தந்தையின் இனிப்பையும் தாயின் உடற்கட்டையும் வாங்கிப் பிறந்தாள் இவள். 2004இல், இரும்பாலைக்கு மிஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரர் ஒருவர், ஈரத்துணி சுற்றிய குச்சியாக இவளை ஃபிட்டர் ராஜமாணிக்கத்திடம் ஒப்படைத்தார்.

வளர்த்தது அவன் மனைவி கிரேஸ். மூன்றாம் ஆண்டு கொத்துக்கொத்தாகக் காய்த்ததும், இந்தக் கிறிஸ்துமஸுக்குத் தன் வீட்டுப் பழத்தில்தான் ஒயின் என்று சபைப் பெண்கள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்துவிட்டாள்.

புரட்டாசிப் புழுக்கத்தில் எழுந்தது வெண்பூஞ்சணப் பெரும்படை! பக்கத்து வீட்டுப் பூவராகவனின் பன்னீர் திராட்சையை, இலையென்றும் காயென்றும் பாராது மாவு பூசினாற்போல் வெளுக்கச் செய்து, மதிலேறி, கிரேஸின் கொடிமீது பாய்ந்து, ஏழு நாள் முற்றுகையிட்டு, ஓரிலையில் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டாமல் வெட்கி ஓடியது. கிரேஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐயகோ! பூவராகவன் தூவி மீந்த கந்தகப் பொடி ராஜமாணிக்கத்தின் கண்ணில் பட்டது. ஒழுங்காக ஓடும் மிஷினையும் நிறுத்தி, கழற்றி, துடைத்து, மாட்டியே இருபதாண்டு பழகிய கை, சும்மா இருக்குமா?

"இன்னாங்க, நோவே வராத செடிக்கு எதுக்கு மருந்து?" என்றாள் கிரேஸ்.

"நல்லா ஓடுற மிஷினுக்கும் மாசத்துக்கு ஒருதபா மெயின்டனன்ஸ் பாக்கணும், கிரேஸு" என்று முழங்கி, துண்டால் முகம் மறைத்து, உச்சிவெயிலில், அடிமுதல் நுனிவரை ஓரிலை விடாது தூவினான் அம்மாவீரன்.

எந்நோய்க்கும் அஞ்சாத அக்குலத்துக்கு ஒரே ஒரு சாபம் உண்டு: தாய்வழிக் காட்டுக் குருதிக்குக் கந்தகம் ஆகாது. ஜெர்மன்காரர் அதை இங்கிலீஷில் மூன்று முறை சொல்லித்தான் போனார். ராஜமாணிக்கமும் மூன்று முறை தலையாட்டித்தான் வைத்தான்.

மறுநாள் இலைகள் கருகின. மூன்றாம் நாள், உலகத்து நோய்களெல்லாம் கூடியும் உதிர்க்க முடியாத காய்கள், கிரேஸ் பார்த்துப் பார்த்து அழ, ஒவ்வொன்றாய் மண்ணில் உதிர்ந்தன.

அந்த வருஷம் புதுவாயல் பழக்கடைத் திராட்சையில் ஒயின் போட்டுவிட்டு, வீட்டுப் பழம்தான் என்று கிரேஸ் சபையில் சொல்லிவிட்டாள்.